கைதட்டல் எந்த வரியில் விழும்? வாதக் கட்டுரையை அலசி எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

"எழுத்தாளர் உணர்ச்சியைத் தூண்டும் சொற்களைப் பயன்படுத்தி வாசகரின் மனதைத் தொடுகிறார். இதனால் அவருடைய வாதம் வலுப்பெறுகிறது."

மாணவர்களின் அலசல் கட்டுரைகளைத் திருத்த உட்கார்ந்தால் இந்த இரண்டு வரிகளும் ஏதாவது ஒரு தாளில் கண்டிப்பாக இருக்கும். இலக்கணப் பிழை இல்லை. பொய்யும் இல்லை. ஆனால் எந்தக் கட்டுரையைப் பற்றி எழுதியது என்பதை மறைத்துவிட்டுக் கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. குழந்தைத் தொழிலாளர் பற்றிய பேச்சுக்கும் பொருந்தும், பிளாஸ்டிக் தடை பற்றிய தலையங்கத்துக்கும் பொருந்தும், சோப்பு விளம்பரத்துக்கும் பொருந்தும். இந்த வழிகாட்டி அந்த இரண்டு வரிகளை விட்டு வெளியே வருவதற்காக எழுதியது. ஒரே ஒரு பேச்சை எடுத்துக்கொண்டு, முதல் வாசிப்பிலிருந்து கடைசி வரி எழுதுவது வரை போகலாம்.

கேட்கப்படுவது என்ன?

ஒரு பேச்சோ கட்டுரையோ தன் வாதத்தை எப்படிக் கட்டுகிறது என்று அலசும் இந்த வேலையை அமெரிக்கப் பள்ளிகளில் ரெட்டாரிகல் அனாலிசிஸ் என்கிறார்கள். பள்ளி மாணவர்கள் கல்லூரிப் பாடத் தரத்தில் எழுதும் ஏபி ஆங்கில மொழித் தேர்வில் எழுத வேண்டிய மூன்று கட்டுரைகளில் இரண்டாவது இதுதான். மொத்தம் 6 மதிப்பெண். கட்டுரையின் மையக் கருத்தைச் சொல்லும் தீஸிஸ் வாக்கியத்துக்கு 1, ஆதாரத்துக்கும் விளக்கத்துக்கும் 4, பார்வையின் ஆழத்துக்கு 1. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்விலும் 2016 முதல் 2021 வரை இதே வேலையைத்தான் 50 நிமிட விருப்பக் கட்டுரையாகக் கொடுத்தார்கள். எழுத்தாளர் சொல்வதை நீங்கள் ஒத்துக்கொள்கிறீர்களா என்று எழுத வேண்டாம், அவர் வாதத்தை எப்படிக் கட்டுகிறார் என்று எழுதுங்கள் என்பதை அங்கே கேள்வியிலேயே சொல்லிவிடுவார்கள்.

நம் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பட்டிமன்றமும் பேச்சுப் போட்டியும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஒரு தலைப்பைக் கையில் கொடுத்தால் உடனே ஓர் அணியில் போய் உட்கார்ந்துவிடுவோம். இங்கே நீங்கள் எந்த அணியிலும் இல்லை. தீர்ப்புச் சொல்லும் நடுவரும் இல்லை. மேடைக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டு, பேசுகிறவரையும் எதிரே இருக்கும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்து, கைதட்டல் எந்த வரியில் விழும், ஏன் அந்த வரியில் விழும் என்று விளக்குகிறவர் நீங்கள். கூட்டத்தைப் பார்க்காமல் பேச்சாளரை மட்டும் பார்த்தால் பாதி வேலை போய்விடும். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

எடுத்துக்கொள்ளும் பேச்சு

ஃப்ளாரன்ஸ் கெல்லி, 1859-இல் பிறந்து 1932-இல் இறந்த அமெரிக்கச் சமூகச் சீர்திருத்தவாதி. 1893-இல் இல்லினாய் மாநிலத்தின் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். 1899 முதல் இறக்கும்வரை தேசிய நுகர்வோர் சங்கத்தின் பொதுச்செயலாளர். 1905-இல் தேசிய அமெரிக்கப் பெண் வாக்குரிமைச் சங்க மாநாட்டில் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி அவர் பேசியதாகக் கொடுக்கப்படும் உரை, 2011 ஏபி தேர்வில் கேள்வியாக வந்தது. சிறிய உரை. கட்டுக்கோப்பு கண்ணுக்குத் தெரிகிற உரை. அதனால்தான் முதல்முறை அலசுகிறவர்களுக்கு நான் இதையே கொடுப்பேன். இங்கே வரிகளைத் தமிழில் தருகிறேன். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது மூலச் சொற்களையே மேற்கோள் குறிக்குள் எடுத்து எழுத வேண்டும்.

முதல் படி: பென்சில் இல்லாமல் ஒரு தடவை

முதல் வாசிப்பில் அடிக்கோடு போடாதீர்கள். கோடு போட ஆரம்பித்தால் கண் உத்திகளைத் தேடத் தொடங்கிவிடும். 'அதோ உவமை, இதோ கேள்வி' என்று பொறுக்கிக்கொண்டே போவோம், பேச்சு காதில் விழாது. முடிந்தால் வாய்விட்டுப் படியுங்கள். தேர்வு அறையில் உதட்டை அசைத்தால் போதும்.

படித்து முடித்ததும் ஓரத்தில் ஒரே வரி எழுதுங்கள்: இவர் இவர்களை என்ன செய்யச் சொல்கிறார்? தலைப்பு என்ன என்பது இதற்குப் பதில் ஆகாது. "குழந்தைத் தொழிலாளர் முறை கொடுமையானது" என்று எழுதினால் இன்னும் ஒரு தடவை படிக்க வேண்டும். கெல்லி கேட்பது அதைவிடக் குறிப்பானது. வாக்குரிமைக்காகப் போராடும் பெண்கள், வாக்குரிமை உள்ள ஆண் தொழிலாளர்களோடு சேர வேண்டும். குழந்தைகளை விடுவிக்க அவர்களோடு நின்றால், நம் வாக்குரிமைக்கு அவர்கள் நம்மோடு நிற்பார்கள். அவருடைய கோரிக்கை இதுதான், அதுவும் கடைசி இரண்டு பத்திகளில்தான் வருகிறது.

இரண்டாம் படி: கூட்டத்தைப் பாருங்கள்

இதற்கு மூன்று நிமிடம் ஒதுக்குங்கள். பேசுகிறவர் யார், எதிரே யார், ஏன் இப்போது, அந்தக் கூட்டம் ஏற்கெனவே எதை நம்புகிறது, எதற்குத் தயங்கும்? கேள்வித்தாளில் உரைக்கு மேலே இரண்டு மூன்று வரிகளில் ஓர் அறிமுகம் இருக்கும். பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தத் தாளிலேயே விலை உயர்ந்த வரிகள் அவைதான்.

கெல்லியின் எதிரே இருந்தவர்கள் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று ஏற்கெனவே நம்புகிறவர்கள். அதை அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் ஆலைத் தொழிலாளியின் பிரச்சினை தங்கள் பிரச்சினை என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆக, கெல்லியின் வேலை, தூரத்தில் இருக்கும் ஒரு பஞ்சாலைக் கொடுமையை இந்த அறைக்குள் கொண்டுவருவது. அப்புறம் அதை அவர்களுடைய சொந்தக் கோரிக்கையோடு முடிச்சுப் போடுவது.

இது புரிந்துவிட்டால் பேச்சில் உள்ள ஒவ்வொரு தேர்வுக்கும் காரணம் தெரிய ஆரம்பிக்கும். புரியாவிட்டால் "மனதைத் தொடுகிறார்" என்பதிலேயே நிற்போம்.

ஓர் எச்சரிக்கை. பின்னால் நடந்த வரலாற்றைக் கொண்டுவந்து பேச்சுக்குச் சான்றிதழ் கொடுக்காதீர்கள். "1920-இல் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது, எனவே கெல்லியின் பேச்சு வெற்றி பெற்றது" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த இரண்டுக்கும் நடுவே 15 ஆண்டுகளும் எத்தனையோ பேருடைய உழைப்பும் இருக்கின்றன. குழந்தைத் தொழிலுக்கு நிலையான கூட்டாட்சிச் சட்டம் 1938-இல்தான் வந்தது, அப்போது கெல்லி உயிரோடு இல்லை. வந்த விளைவை நாம் அளக்கப் போவதில்லை. அந்த நேரத்தில் அந்தக் கூட்டத்திடம் எந்த விளைவை அவர் நாடினார் என்பதைத்தான் பார்க்கிறோம்.

மூன்றாம் படி: பேச்சு எங்கே திரும்புகிறது?

இப்போது பென்சிலை எடுங்கள். பத்தி பிரிப்பை நம்பாமல், பேச்சு திசை மாறும் இடங்களில் குறுக்கே ஒரு கோடு. ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் ஒரு வினைச்சொல் எழுதுங்கள். 'சொல்கிறார்', 'பேசுகிறார்' இரண்டும் கூடாது.

கெல்லியில் எனக்குக் கிடைப்பது இப்படி. முதலில் எண்ணிக் காட்டுகிறார்: பதினாறு வயதுக்குக் கீழே இருபது லட்சம் குழந்தைகள் சொந்தமாகச் சம்பாதித்துச் சாப்பிடுகிறார்கள், ஜார்ஜியா பஞ்சாலைகளில் ஆறு ஏழு வயதிலேயே. அடுத்து, அதில் சிறுமிகளைப் பிரித்து முன்னால் நிறுத்துகிறார். பிறகு "இன்றிரவு நாம் தூங்கும்போது" என்று கூட்டத்தை உள்ளே இழுக்கிறார். மாநிலம் மாநிலமாக அடுக்குகிறார். தெற்கைக் காட்டிக்கொண்டிருந்தவர் சட்டென்று வடக்கே திரும்புகிறார். தாய்மாருக்கு வாக்கு இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்று கேட்கிறார். நம் காலணியும் காலுறையும் யார் செய்தது என்று பழியைப் பங்குபோடுகிறார். 'நாம் ஏறக்குறைய சக்தியற்றவர்கள்' என்று ஒத்துக்கொள்கிறார், அடுத்த வரியிலேயே 'முழுக்கச் சக்தியற்றவர்கள் இல்லை' என்று நிமிர்த்துகிறார். கடைசியில் வேண்டுகோள்.

எண்ணுகிறார், பிரிக்கிறார், இழுக்கிறார், அடுக்குகிறார், திரும்புகிறார், கேட்கிறார், பங்குபோடுகிறார், நிமிர்த்துகிறார், வேண்டுகிறார். இந்த வினைச்சொல் வரிசைதான் உங்கள் கட்டுரையின் எலும்புக்கூடு. இதை எழுதிவிட்டால் 'என்ன எழுதுவது' என்ற பயம் போய்விடும்.

நான்காம் படி: மூன்றே இடம், ஆனால் மிக அருகில்

அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வரும் ஈதாஸ், பேதாஸ், லோகாஸ் என்ற மூன்றையும் எல்லாப் பள்ளியிலும் சொல்லித் தருகிறார்கள்: பேசுகிறவர் மேல் வரும் நம்பிக்கை, கேட்கிறவரின் உணர்ச்சி, வாதத்தின் தர்க்கம். தெரிந்துகொள்வது நல்லதுதான். ஆனால் அவற்றைக் கட்டுரையின் மூன்று பத்திகளாக வைக்காதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். ஒரு நல்ல வரியில் மூன்றும் கலந்தே இருக்கும். பிரிக்கப் போனால் வரி செத்துப்போகும்.

அதற்குப் பதில், எலும்புக்கூட்டிலிருந்து மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள். உங்களுக்குப் படிக்கும்போது ஏதோ செய்த இடங்களாக இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் 'சொல் மாற்றிப் பார்க்கும்' சோதனையைச் செய்யுங்கள்: இந்தச் சொல்லை எடுத்துவிட்டு அதே பொருளில் வேறு சொல் போட்டால் என்ன குறைகிறது? குறைவதைத்தான் நீங்கள் எழுத வேண்டும்.

ஓர் இடத்தைச் செய்து காட்டுகிறேன். பென்சில்வேனியாவில் அதற்கு முந்தைய மே மாதம் வரை இருந்த சட்டத்தைப் பற்றிக் கெல்லி சொல்வது: ஒரு சிறுமி தன் பதின்மூன்றாவது பிறந்தநாளன்று மாலை ஐந்தரை மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பலாம், பாக்கியசாலிகள் மதியச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துப்போவதுபோல அவள் நள்ளிரவுச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போகலாம், மாலை ஆறு மணி முதல் காலை ஆறு மணி வரை ஆலையில் வேலை செய்யலாம், மாநிலத்தின் எந்தச் சட்டத்தையும் மீறாமலே.

"பென்சில்வேனியாவில் 13 வயதுக் குழந்தைகள் இரவில் 12 மணி நேரம் வேலை செய்யச் சட்டம் அனுமதித்தது" என்று இதை மாற்றிப் பாருங்கள். உண்மையில் இந்த வரியையும் அவர் முதலில் சொல்லிவிடுகிறார். தகவல் முழுக்க வந்துவிட்டது. பிறகு ஏன் அதே தகவலை ஒரு சிறுமியாக மாற்றி இன்னொரு தடவை சொல்ல வேண்டும்?

குழந்தைகள் என்ற பன்மை போய் ஒரே சிறுமி வருகிறாள். வயது போய்ப் பிறந்தநாள் வருகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் தாய்க்குப் பதின்மூன்றாவது பிறந்தநாள் என்றால் கேக், புதுத் துணி. சட்டத்துக்கு அது வேலைக்கு அனுப்பத் தகுதியான நாள். கையில் ஒரு சாப்பாட்டுத் தூக்கு. தூக்கு என்பது எல்லா வீட்டிலும் இருக்கிற சாதாரணப் பொருள், பயமுறுத்தும் பொருள் அல்ல. அதற்கு முன்னால் 'நள்ளிரவு' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் ஒட்டுகிறார். சாப்பாட்டு நேரம் தலைகீழானதும் அந்தக் குழந்தையின் நாளே தலைகீழாகிவிட்டது. அழுகை, கண்ணீர், கொடுமை என்று ஒரு சொல்கூட இந்த வாக்கியத்தில் இல்லை. கடைசியில் வாக்கியம் போய் முட்டும் இடம், எந்தச் சட்டத்தையும் மீறாமல் என்ற வறண்ட வழக்கறிஞர் மொழி. குற்றவாளி ஆலை முதலாளி மட்டும் இல்லை, சட்டம்தான் என்று அவர் விரல் நீட்டாமலே காட்டிவிடுகிறார். சட்டம்தான் குற்றவாளி என்றால் சட்டம் செய்கிறவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு இருக்க வேண்டும்? அந்தக் கேள்வி அடுத்த பத்தியில் வரிசைகட்டி வருகிறது.

பார்த்தீர்களா, 'உணர்ச்சியைத் தூண்டுகிறார்' என்று எழுதவே இல்லை. அந்த வாக்கியம் செய்கிற வேலையை மட்டும் சொல்லியிருக்கிறோம்.

இன்னோர் இடம், தமிழ் படித்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். "குழந்தைகள் நம் காலணிகளைச் செய்கிறார்கள்" என்று தொடங்கும் பட்டியல். காலணி, அடுத்துக் காலுறை, அடுத்து உள்ளாடை, அப்புறம் தொப்பி, தொப்பியில் வைக்கும் பட்டும் வெல்வெட்டும், தொப்பி ஊசி. பாதாதிகேசம்! நம் புலவர்கள் தெய்வத்தையும் தலைவியையும் பாதத்திலிருந்து கூந்தல் வரை பாடிக்கொண்டு போவார்களே, அதே வழி. கெல்லிக்கு நம் மரபு தெரிந்திருக்காது, ஆனால் வேலை ஒன்றுதான். கண் காலிலிருந்து தலைவரை நகர்கிறது. கேட்டுக்கொண்டிருக்கும் பெண் தன்னையே குனிந்து பார்த்து, மெல்ல நிமிர்ந்து, தொப்பியில் கை வைக்கும்போது தப்பிக்க இடமில்லை. கெல்லி நுகர்வோர் சங்கத்துக்காரர் என்பதையும் இங்கே சேருங்கள். நியாயமான சூழலில் தைத்த ஆடைகளுக்கு வெள்ளை லேபிள் கொடுத்த சங்கம் அது. "நாம் வாங்குவதற்காக" என்ற சொற்றொடர் இந்த உரையில் திரும்ப வருவது தற்செயல் இல்லை.

நம்பிக்கையைப் பற்றி எழுதுவதற்கும் இதே அருகாமை வேண்டும். "நான் தொழிற்சாலை ஆய்வாளராக இருந்தேன்" என்று கெல்லி இந்த உரையில் சொல்லிக்கொள்ளவில்லை. எந்த மாநிலத்தில் எத்தனை வயதுக்கு எத்தனை மணி நேரம் என்பது அவருக்கு விரல் நுனியில் இருக்கிறது, அதுவே போதும். 'நாம்', 'நம்' என்று போய்க்கொண்டிருக்கும் பேச்சில் 'நான்' எட்டிப் பார்ப்பது கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், அதுவும் என்னிடம் இருக்கும் மனுச் செய்யும் உரிமையை எல்லா வழியிலும் பயன்படுத்துவேன் என்று வாக்குக் கொடுக்க. முதலில் தான் செய்வதைச் சொல்லிவிட்டு அப்புறம்தான் மற்றவர்களைக் கேட்கிறார்.

ஐந்தாம் படி: தீஸிஸ் வாக்கியம்

இப்போதுதான் தீஸிஸ். பலர் இதை முதலில் எழுதிவிட்டு அதற்கு ஆதாரம் தேடுகிறார்கள். தேடினால் கிடைக்கத்தான் செய்யும், ஆனால் மேலோட்டமாக.

அடிக்கடி வரும் தீஸிஸ்: "கெல்லி எண்கள், மீண்டும் வரும் சொற்றொடர்கள், கேள்விகள் ஆகியவற்றைப் பயன்படுத்திக் குழந்தைத் தொழிலுக்கு எதிராக வாதிடுகிறார்." இது மளிகைப் பட்டியல். எதற்காக வாங்கினார், யாருக்குச் சமைத்தார் என்று தெரியவில்லை.

மேலே செய்த வேலையிலிருந்து தானாக வரும் தீஸிஸ்: "தொழிலாளர்களோடு கைகோக்கத் தயங்கக்கூடிய பெண்களிடம் பேசும் கெல்லி, குழந்தைகளின் இரவு வேலையை முதலில் அவர்களுடைய தூக்கத்துக்குள்ளும் பிறகு அவர்கள் உடுத்தியிருக்கும் துணிக்குள்ளும் கொண்டுவந்து வைக்கிறார். அந்தக் குற்றவுணர்வு நன்றாக ஊறிய பிறகே வாக்குரிமையையும் தொழிலாளர் கூட்டையும் அதிலிருந்து வெளியேறும் வழியாகக் காட்டுகிறார்."

இதில் உத்திகளின் பெயர் ஒன்றுகூட இல்லை. யாரிடம், எதற்காக, எந்த வரிசையில் என்ற மூன்றும் இருக்கின்றன. இரண்டு வாக்கியமாக இருப்பதில் தவறில்லை. முன்னுரைக்கு இதற்கு மேல் இரண்டு வரி போதும். "ஆதிகாலம் தொட்டே மனிதன் பேச்சால்..." என்று தொடங்க வேண்டாம்.

ஆறாம் படி: ஒரு பத்தியை எழுதுவது

ஒரு மாணவர் எழுதியது போன்ற பத்தி:

"கெல்லி ஒப்பீட்டைப் பயன்படுத்துகிறார். 'அலபாமா நியூ ஜெர்சியை விட மேல்' என்கிறார். இந்த ஒப்பீடு வாசகருக்குப் பிரச்சினையின் தீவிரத்தை உணர்த்துகிறது. மேலும் இது லோகாஸ் ஆகும்."

மேற்கோள் நல்ல மேற்கோள். அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. இதே மாணவரிடம் உட்கார்ந்து பேசினால் நான் கேட்பது: அலபாமா என்றதும் வடக்கே இருக்கிற ஒரு பெண் மனதில் என்ன நினைத்திருப்பார்? கெல்லி ஏன் நியூ ஜெர்சியை முதலிலேயே சொல்லவில்லை? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் எழுதினால் பத்தி இப்படி மாறும்:

"கெல்லி முதலில் தெற்கு மாநிலங்களைத்தான் அடுக்குகிறார். அலபாமாவில் பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் இரவு வேலைக்கு எட்டு மணி நேரம் என்ற வரம்பாவது உண்டு, கரோலினாக்களிலும் ஜார்ஜியாவிலும் அதுவும் இல்லை. இதைக் கேட்கும் வட மாநிலப் பெண் ஒருவர், இது பின்தங்கிய தெற்கின் சங்கதி என்று பெருமூச்சு விட்டிருக்கலாம். அந்த நிம்மதி வருவதற்கு இடம் கொடுத்த பிறகே, 'அலபாமா நியூ ஜெர்சியை விட மேல்' என்கிறார். எட்டு மணி நேர இரவு வேலையே கொடுமை என்று சற்று முன் நினைத்தவர்கள், அந்த வரம்புகூட வட மாநிலமான நியூ ஜெர்சியில் இல்லை என்று கேட்கிறார்கள். தெற்கைப் பற்றி அவர்கள் மனதில் போட்ட தீர்ப்பு அவர்கள் மேலேயே திரும்பி விழுகிறது. 'நம்மில் யாரும் இந்தப் பாவத்தில் பங்கில்லை என்று நினைக்க முடியாது' என்று பின்னால் அவர் சொல்லும்போது மறுக்க முடியாமல் போவது இந்தத் திருப்பத்தால்தான்."

மேற்கோள் கொஞ்சம், விளக்கம் அதிகம். ஒரு வரி மேற்கோளுக்குக் குறைந்தது மூன்று வரி விளக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தி எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்தையும் தொட்டு, 'இது வேறு பேச்சுக்கும் பொருந்துமா?' என்று கேளுங்கள். பொருந்தினால் அடித்துவிடலாம். பத்திகளின் வரிசை பேச்சின் வரிசையாகவே இருக்கட்டும், ஏனென்றால் வரிசையே ஓர் உத்தி. கெல்லி கோரிக்கையைக் கடைசிவரை தள்ளிப்போட்டதை, வரிசையைக் குலைத்துவிட்டு எப்படி விளக்குவது?

ஏழாம் படி: உறுத்தும் சொல்லைத் தாண்டிப் போகாதீர்கள்

பார்வையின் ஆழத்துக்கான அந்தக் கடைசி 1 மதிப்பெண் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. "நாம் தூங்கும்போது" இரண்டாவது தடவை வரும் வரியில் கெல்லி, சின்னஞ்சிறு வெள்ளைச் சிறுமிகள் வேலை செய்துகொண்டிருப்பார்கள் என்கிறார். வெள்ளை என்ற சொல் ஏன் அங்கே?

மாணவர்கள் இதைப் பார்த்ததும் ஒன்று பார்க்காததுபோல் போய்விடுவார்கள், இல்லையென்றால் கெல்லியைத் திட்டி ஒரு பத்தி எழுதிவிடுவார்கள். இரண்டும் அலசல் ஆகாது. அக்காலத்தில் தெற்குப் பஞ்சாலைகளில் நூற்பு, நெசவு வேலை பெரும்பாலும் வெள்ளையருக்கே கொடுக்கப்பட்டது. அந்த அளவில் அது தகவல். ஆனால் தகவலுக்காக மட்டும் அந்தச் சொல் தேவைப்படவில்லை, முந்தைய வரியில் "சிறுமிகள்" என்றே சொல்லிவிட்டார். அவர் அந்தச் சொல்லைச் சேர்ப்பது, கேட்பவர்கள் அந்தக் குழந்தையைத் தங்கள் வீட்டுக் குழந்தையாக நினைக்க வேண்டும் என்பதற்கு. அப்படியானால் அவர் கணக்கில் அந்தக் கூட்டத்தின் இரக்கத்துக்கு ஓர் எல்லை இருந்தது, அந்த எல்லைக்குள் நின்றே அவர் பேசினார். உத்தி வேலை செய்த விதத்தையும் அது யாரை வெளியே விட்டது என்பதையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால், உங்கள் கட்டுரை மற்றக் கட்டுரைகளிலிருந்து பிரிந்து நிற்கும். மரியாதையோடு, தயங்காமல் எழுதுங்கள்.

நேரக் கணக்கு

ஏபி தேர்வில் இந்தக் கட்டுரைக்குச் சுமார் 40 நிமிடம். வாசிக்கவும் குறிக்கவும் 12, தீஸிஸுக்கும் வரிசைக்கும் 4, எழுத 22, திரும்பப் படிக்க 2 என்று நான் சொல்வேன். வாசிப்பில் நிமிடத்தைத் திருடி எழுதுவதில் போட்டால் பக்கம் நிறையும், மதிப்பெண் நிறையாது. முடிவுரைக்கு நேரம் இல்லையென்றால் விட்டுவிடலாம். முன்னுரையையே திருப்பி எழுதும் முடிவுரையால் ஒரு பயனும் இல்லை.

பத்திரிகைக் கட்டுரை என்றால் என்ன மாறும்?

மேடைப் பேச்சில் கூட்டம் எதிரே இருக்கிறது. நாளிதழின் நடுப்பக்கக் கட்டுரையில் கூட்டத்தை நீங்கள்தான் ஊகிக்க வேண்டும்: எந்த நாளிதழ், எந்தத் தேதி, அந்த வாரம் என்ன நடந்தது, கட்டுரையாளர் எந்த விஷயத்தை விளக்காமலே விடுகிறார். விளக்காமல் விடுவது வாசகருக்குத் தெரிந்திருக்கும் என்று அவர் நம்புவது, அதுவே வாசகர் யார் என்று காட்டிவிடும். தலைப்பைக் கட்டுரையாளரின் தேர்வு என்று எடுத்துக்கொண்டு அலசாதீர்கள். பெரும்பாலும் தலைப்பு வைப்பது ஆசிரியர் குழு.

பத்திரிகைக் கட்டுரையில் மிகவும் சுவாரசியமான இடம் "உண்மைதான், ஆனால்" என்று வரும் இடம். எதிர்த்தரப்புக்கு எத்தனை வரி கொடுக்கிறார், அவர்களுடைய வலுவான வாதத்தை எடுக்கிறாரா பலவீனமானதையா, அதற்கு எந்தப் பெயர் சூட்டுகிறார் என்று பாருங்கள். எண்கள் வந்தால் எதன் சதவீதம், எந்த ஆண்டோடு ஒப்பீடு என்று கேளுங்கள். ஒரு எண்ணைச் சதவீதமாகச் சொல்வதும் ஆள் எண்ணிக்கையாகச் சொல்வதும் இரண்டு வேறு தேர்வுகள். கெல்லியே சிறுமிகள் பெருகுவதைச் சொல்லும்போது, சதவீதத்திலும் தலைக்கணக்கிலும் என்று இரண்டையும் சேர்த்துப் பூட்டுகிறார், யாரும் ஒன்றை வைத்து மற்றொன்றைத் தட்டிக்கழிக்க முடியாதபடி.

பழகுவதற்கு

முழுக் கட்டுரை எழுதிப் பழக வேண்டாம். இரண்டு வாரம், நாளுக்கு ஒரு பத்தி. தமிழ் நாளிதழின் தலையங்கம் என்றாலும் சரி. சொந்த மொழியில் காது கூர்மையாகிவிட்டால் ஆங்கிலத்தில் தானாக வரும். எழுதிய பத்தியை, அந்தத் தலையங்கத்தைப் படிக்காத வீட்டு ஆள் ஒருவரிடம் படித்துக் காட்டி, "யாரிடம், எதற்காக எழுதியிருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொல்லிவிட்டால் உங்கள் பத்தி வேலை செய்கிறது. முழித்தால் எந்த வாக்கியத்தில் முழித்தார் என்று பார்த்து அதை மட்டும் திருத்துங்கள்.

முதல் நாளுக்கு ஒரு வரி தருகிறேன், வேண்டுமென்றே மேலே தொடாமல் விட்டது. நியூ ஜெர்சியில் ஒரு நல்ல சட்டத்தை நீக்கிவிட்டார்கள் என்று சொன்ன கையோடு கெல்லி சொல்கிறார்: அங்கே இப்போது பையன்களும் பெண்பிள்ளைகளும் பதினான்காவது பிறந்தநாளுக்குப் பிறகு, இரவு முழுக்க வேலை செய்யும் பரிதாபமான சலுகையை அனுபவிக்கிறார்கள். 'சலுகை' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'அனுமதி' என்று போட்டுப் பாருங்கள். அப்புறம் 'அனுபவிக்கிறார்கள்' என்பதை எடுத்துப் பாருங்கள். குறைந்தது என்ன என்று ஐந்து வாக்கியம் எழுதுங்கள்.